கழற்ற முடிகிற டேக்குகள்

கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் வீடு வைத்திருப்பவர் அரையாண்டுச் சொத்து வரியை இணையத்தில் கட்டப் போனால், நெடுநாள் வழக்கப்படி முதலில் அவர் முன் நிற்பது நான்கு கட்டங்கள்: மண்டலம், வார்டு, பில் எண், துணை எண். நிரப்பி அனுப்பியதும் அவருடைய பெயர், முகவரி, நிலுவை, கட்டவேண்டிய தொகை எல்லாம் போட்டு இன்னொரு பக்கம் வருகிறது. இந்த இரண்டாவது பக்கத்தை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. சென்னையில் வரி கட்டுகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் எழுதிவைப்பது நடக்கிற காரியமும் இல்லை. சர்வரில் இருப்பது அங்கங்கே இடம் விட்ட ஒரு மாதிரிப் பக்கம். கேட்டவருக்குரிய விவரங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, விட்ட இடங்களில் வைத்து, முழு எச்டிஎம்எல் பக்கமாக்கி அனுப்பிவிடுகிறது சர்வர். அந்த மாதிரிப் பக்கத்தை டெம்ப்ளேட் என்கிறோம். பிறப்புச் சான்றிதழ், தொழில் உரிமம், பட்டா நகல் என்று அரசு அலுவலகம் குடிமக்களுக்குத் திரையில் காட்டுகிற பெரும்பாலான தாள்களுக்குப் பின்னால் இப்படியொரு டெம்ப்ளேட் இருக்கிறது.

விட்ட இடத்தில் எதை வைப்பது, எப்படி வைப்பது என்று சொல்ல டெம்ப்ளேட்டுக்குள் ஒரு மொழி வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999இல் ஜாவா சர்வர் பேஜஸ், சுருக்கமாக ஜேஎஸ்பி, என்ற முறையை வெளியிட்டபோது ஜாவா நிரலையே பக்கத்துக்குள் எழுத இடம் கொடுத்தது. சில வரிகள் வரை அது வசதியாகத்தான் இருந்தது. பக்கம் வளர வளர, எது தலைப்பு, எது கணக்கு, எது தரவுத்தளக் கேள்வி என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலை வந்தது. வடிவமைப்பாளர் ஒரு நிறத்தை மாற்றப் போய் வரிக் கணக்கைக் கெடுத்துவிடக்கூடிய நிலை அது. அதே ஆண்டு இறுதியில் வந்த ஜேஎஸ்பி 1.1 ஒரு மாற்று வழி தந்தது. எச்டிஎம்எல் டேக் போலவே தோற்றமளிக்கும் புதிய டேக்குகளை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். டேக் பக்கத்தில் இருக்கும், அதன் பின்னாலுள்ள ஜாவா நிரல் தனிக் கோப்பில் இருக்கும். இப்படிப்பட்ட டேக்குகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தருவதே டேக் லைப்ரரி. இங்கே அதை டேக் தொகுப்பு என்று சொல்லிக்கொள்வோம். அட்டவணை போட ஒன்று, படிவம் வரைய ஒன்று, தேதி காட்ட ஒன்று என்று சில ஆண்டுகளிலேயே தொகுப்புகள் பெருகின. 2002 ஜூனில் பொதுத் தரமாக ஒரு தொகுப்பு வந்தது. அதன் பெயர் ஜேஎஸ்டிஎல்.

ஒரு திட்டத்துக்கு எந்தத் தொகுப்பு என்று முடிவெடுக்கும்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. எத்தனை டேக்குகள் இருக்கின்றன? எவ்வளவு வேலை மிச்சமாகும்? இரண்டுமே முதல் ஆறு மாதத்தைப் பற்றிய கேள்விகள். பொதுமக்களுக்கான பக்கத்தின் ஆயுள் ஆறு மாதம் இல்லை. சொத்து வரிப் பக்கம் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும். எழுதிய நிறுவனம் ஒப்பந்தம் முடிந்து போயிருக்கும், எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், பக்கம் மட்டும் அங்கேயே நிற்கும். ஆகவே தொகுப்பைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் கேட்கவேண்டியது, நாளைக்கு இதைக் கழற்ற முடியுமா என்பதுதான் என்று இந்த அத்தியாயம் வாதிடுகிறது. கழற்றுவது எளிதாக இருக்கும் தொகுப்பு பெரும்பாலும் பாதுகாப்பிலும் படிக்கும் எளிமையிலும் தமிழுக்கு இடம்கொடுப்பதிலும் மேலானதாகவே இருக்கிறது என்பது வாதத்தின் இரண்டாம் பாதி.

முதல் சான்று சென்னை மாநகராட்சியின் இணைய முகவரிகளிலேயே இருக்கிறது. அதன் இணையவழிச் சேவைகளில் சொத்து வரி கட்டும் பக்கத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் தேடும் பக்கத்துக்கும் முகவரியின் நடுவே ஒரு புள்ளியும் 'டூ' என்ற இரண்டெழுத்து ஆங்கில ஒட்டும் நெடுங்காலம் இருந்துவந்தன. ஜாவா உலகில் பழகியவர்களுக்கு அது பழகிய தடம். ஸ்ட்ரட்ஸ் என்ற கட்டமைப்பின் முதல் தலைமுறை வழக்கமாக வைத்துக்கொண்ட ஒட்டு அது. ஒட்டை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம் என்பதால் அது மட்டுமே உள்ளே இருப்பதற்கு முழுச் சாட்சி ஆகாது. ஆனால் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் இந்திய அரசு அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட ஜாவா தளங்களில் ஸ்ட்ரட்ஸ் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு அந்த ஒட்டு நல்ல அடையாளம். கிரெய்க் மெக்ளனஹன் எழுதி 2000ஆம் ஆண்டில் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்த ஸ்ட்ரட்ஸின் முதல் தலைமுறையில் கடைசி வெளியீடான 1.3.10, 2008 டிசம்பரில் வந்தது. 2013 ஏப்ரலில் ஆதரவு முடிந்ததாக அப்பாச்சி அறிவித்தது. அடுத்த ஆண்டே, 2014 ஏப்ரலில், சிவிஇ-2014-0114 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. படிவத்திலிருந்து வரும் மதிப்புகளை ஜாவாப் பொருளுக்குள் நிரப்புகிற இயக்கத்தின் வழியாக, வெளியாள் சர்வரின் உள்ளுறுப்புகளையே தொட முடிந்தது. அதைச் சரிசெய்ய ஸ்ட்ரட்ஸ் 1க்குப் புதிய வெளியீடு எதுவும் வரவில்லை. அவரவர் தம் தளத்தைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போது ஒரு நிர்வாகம் ஸ்ட்ரட்ஸ் 1ஐ விட்டு வெளியேற நினைத்திருந்தால் எவ்வளவு வேலை ஆகியிருக்கும்? அது பக்கங்களில் எந்த டேக்குகள் பயன்பட்டிருந்தன என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ரட்ஸ் 1 தன்னோடு பல தொகுப்புகளைக் கொண்டுவந்தது. மதிப்பை எழுதிக்காட்ட 'பீன்', நிபந்தனைக்கும் திரும்பத் திரும்பக் காட்டவும் 'லாஜிக்', படிவம் வரைய 'எச்டிஎம்எல்' என்று அவற்றுக்குப் பெயர். முதல் இரண்டுக்கும் நேர் இணையான டேக்குகள் ஜேஎஸ்டிஎல்லில் உண்டு. முடிந்த இடமெல்லாம் பொதுத் தரத்து டேக்குகளையே பயன்படுத்துங்கள் என்று ஸ்ட்ரட்ஸ் குழுவே தன் ஆவணத்தில் பரிந்துரைத்தது. இது முக்கியமான சாட்சி: தம் சொந்தச் சரக்கைவிடப் பொதுச் சரக்கு நல்லது என்று உற்பத்தியாளரே சொல்கிறார். அந்தப் பரிந்துரையைக் கேட்டு எழுதிய பக்கங்களில், வெளியேறும்போது பெரும்பகுதி அப்படியே நிற்கும். 'எச்டிஎம்எல்' தொகுப்பின் படிவ டேக்குகள் கதை வேறு. ஒவ்வொரு உள்ளீட்டுக் கட்டமும் ஸ்ட்ரட்ஸுக்கே உரிய ஒரு ஜாவா வகுப்போடு பிணைந்திருக்கும். அந்த வகுப்பு இல்லாமல் பக்கம் வரையப்படவே மாட்டாது. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தப் பிணைப்பின் பாதையில்தான். வேலையை மிக அதிகமாக மிச்சப்படுத்திக் கொடுத்த டேக்கே வெளியேற விடாமல் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது.

கொடுங்கையூர்ப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பொதுச் சரக்கின் நியாயம் சீக்கிரம் புரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை அன்றாடம் பார்க்கிறார்கள். பெட்டியின் எட்டு மூலைகளிலும் உள்ள பிடிமானங்கள் உலகம் முழுக்க ஒரே அளவு, அதனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கிரேனுக்குத் தெரியவேண்டியதில்லை, எந்தக் கப்பலிலும் எந்த லாரியிலும் ஏற்றலாம். பொதுத் தரத்து டேக்கும் அப்படியொரு பிடிமானம்தான். பக்கத்துக்கும் அதன் பின்னால் இயங்கும் கட்டமைப்புக்கும் நடுவே உள்ள இணைப்பு சிறியதாகவும் எல்லோரும் அறிந்ததாகவும் இருந்தால், ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டே மறுபக்கத்தை மாற்றலாம்.

பாதுகாப்புக்கு வருவோம். புகார்ப் படிவத்தில் ஒருவர் 'எங்கள் தெருவில் குப்பை அள்ளவில்லை' என்று எழுதுவதற்குப் பதில் உலாவி இயக்கக்கூடிய ஒரு நிரல் துண்டை எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் அந்தப் புகாரைத் திறக்கும்போது டெம்ப்ளேட் அதை அப்படியே பக்கத்தில் வைத்தால், நிரல் அலுவலரின் உலாவியில், அவருடைய அதிகாரத்தோடு, ஓடும். தடுக்கும் வழி எளியது. கோணக்குறி, மேற்கோள்குறி போன்ற ஐந்து குறிகளை உலாவி வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றிவிட்டு வெளியிட வேண்டும். ஜேஎஸ்டிஎல்லின் 'அவுட்' டேக் இதை, சொல்லாமலே, தானாகச் செய்கிறது. வேண்டாமென்றால்தான் எழுதிச் சொல்லவேண்டும். ஸ்ட்ரட்ஸ் 1இன் 'பீன்' தொகுப்பில் மதிப்பை எழுதும் டேக்கும் அப்படியே. ஆனால் 2003 நவம்பரில் வந்த ஜேஎஸ்பி 2.0, டாலர் குறியும் அடைப்பும் போட்டு மதிப்பை நேரே பக்கத்தில் எழுதும் குறுக்குவழியைத் திறந்துவிட்டது. அந்தக் குறுக்குவழி எதையும் மாற்றாது. தட்டச்சு செய்ய அது சுலபம் என்பதால் எல்லோரும் அதற்கு மாறினார்கள், பாதுகாப்பான பழைய டேக் நீளமானது என்று கைவிடப்பட்டது. சொல்லாமலே செய்யும் பாதுகாப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரு தொகுப்பின் ஆவணத்தில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் எந்தத் தொகுப்பையும் ஏற்கக் கூடாது.

இன்னொரு வகை ஆபத்து, டேக் தேவைக்கு மேல் புத்திசாலியாக இருப்பது. ஸ்ட்ரட்ஸின் இரண்டாம் தலைமுறை டேக்குகள் தம் பண்புகளில் எழுதியவற்றை ஓஜிஎன்எல் என்ற சிறு மொழியாகப் படித்து மதிப்பிடும். சில சூழல்களில், மதிப்பிட்டு வந்த விடையையே மறுபடியும் நிரலாக எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை மதிப்பிடும். வெளியாள் கொடுத்த எழுத்து முதல் சுற்றில் வெறும் மதிப்பாக உள்ளே வந்து, இரண்டாம் சுற்றில் சர்வரில் ஓடும் கட்டளையாகிவிடும். 2007இல் வந்த ஸ்ட்ரட்ஸ் 2இன் முதல் பாதுகாப்பு அறிவிப்பே இந்த வகையைப் பற்றியது; 2020 டிசம்பரில் வந்த 61ஆம் அறிவிப்பும் இதே வகை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அதே கதவு. 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோனது கோப்பு ஏற்றும் பகுதியின் ஓட்டையால் என்றாலும், அங்கும் திருடர்கள் இயக்கியது இதே ஓஜிஎன்எல் மொழியைத்தான். ஸ்பிரிங் கட்டமைப்பின் டேக்குகளிலும் இரட்டை மதிப்பீட்டுச் சிக்கல் 2011இல் வெளிப்பட்டது. ஆகவே இது ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவாக மட்டும் இருக்க முடியாது. டேக்குக்குள் ஒரு முழு மொழியை வைத்தால் அந்த மொழி யார் சொன்னாலும் கேட்கும். பொதுத் தரம் என்பதாலேயே ஜேஎஸ்டிஎல் முழுவதையும் கண்ணை மூடி ஏற்கவும் முடியாது. அதன் எக்ஸ்எம்எல் டேக்குகளை அப்பாச்சி செய்த வடிவத்தில் வெளிக்கோப்புகளைப் படிக்கவைக்கும் ஓட்டை 2015இல் 1.2.3 வெளியீட்டில்தான் அடைக்கப்பட்டது. தரவுத்தளத்தைப் பக்கத்திலிருந்தே கேட்கும் எஸ்கியூஎல் டேக்குகள் முன்மாதிரிகளுக்கும் சிறு வேலைகளுக்கும் மட்டுமே என்று தர ஆவணமே சொல்கிறது. அடிப்படை டேக்குகள், மொழி-வடிவ டேக்குகள், சிறு செயல்கூறுகள் ஆகிய மூன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாம்.

தொகுப்பு தானே வரைகிற எச்டிஎம்எல்லும் தேர்வில் கணக்கில் வரவேண்டும், ஏனென்றால் அது தொகுப்பு பிறந்த ஆண்டின் எச்டிஎம்எல். ஸ்ட்ரட்ஸ் 2இன் படிவ டேக்குகள், வேறெதுவும் சொல்லாவிட்டால், படிவத்தை இரண்டு பத்தி அட்டவணையாக வரையும். பெரிய திரையில் ஒழுங்காகத் தெரிந்த அந்த அமைப்பு ஆறு அங்குலக் கைப்பேசியில் பக்கவாட்டில் வழிகிறது. திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு, அட்டவணை எனப்படுவது தரவு இல்லாமல் வெறும் சட்டமாக நிற்கிறது. அரசு இணையதளங்களுக்கு 2009இலேயே வழிகாட்டு நெறிகளும், பிறகு 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்துவிட்ட நாட்டில், பக்கத்தின் எச்டிஎம்எல் மீது அலுவலகத்துக்குக் கட்டுப்பாடு இருந்தாக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை டேக் எடுத்துக்கொண்டுவிட்டால், ஒரு அட்டவணையை நீக்கக்கூடத் தொகுப்பின் உள்ளே கை வைக்கவேண்டி வரும்.

இதிலிருந்து, டேக்குகளே வேண்டாம், எச்டிஎம்எல்லை எல்லாப் பக்கத்திலும் கையாலேயே எழுதுவோம் என்ற முடிவுக்குப் போவதும் தவறு. 2011இல் நடந்ததைப் பாருங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் உள்ளிட்ட 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 10 மண்டலங்கள் 15 ஆயின, 155 வார்டுகள் 200 ஆயின, பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்தது. அந்த மாற்றத்தில் கொடுங்கையூர் தண்டையார்பேட்டை எனும் 4ஆம் மண்டலத்தில் வந்தது. மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரிப் பக்கத்தில் உண்டு, புகார்ப் பக்கத்தில் உண்டு, உரிமப் பக்கத்திலும் உண்டு. ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் அதைக் கையால் எழுதியிருந்தால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தவேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் திருவொற்றியூர்க்காரருக்கு அந்தச் சேவை மறுக்கப்பட்டதாகிவிடும். 'மண்டலப் பட்டியல்' என்று அலுவலகமே ஒரு டேக் எழுதி எல்லாப் பக்கத்திலும் அதையே பயன்படுத்தியிருந்தால் திருத்தம் ஒரே இடத்தில் முடியும். ஜேஎஸ்பி 2.0க்குப் பிறகு இப்படியொரு டேக்கை எழுத ஜாவா தெரியவேண்டும் என்பதும் இல்லை. டெம்ப்ளேட் துண்டையே ஒரு கோப்பில் வைத்து டேக்காக அழைக்கலாம். வெளியிலிருந்து வாங்குவது சிறியதாகவும் பொதுவானதாகவும் இருக்கட்டும், நம் அலுவலகத்துக்கே உரியதை நாமே எழுதி நம்மிடமே வைத்துக்கொள்வோம் என்பதுதான் இங்கே வாதிடப்படும் பிரிவினை.

இந்தப் பிரிவினையின் தேவை மிகத் துலக்கமாகத் தெரிவது தமிழில். தமிழக அரசு யூனிகோடை அலுவல் தரமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட ஜேஎஸ்பி விதிகள், பக்கத்தின் எழுத்துமுறையைச் சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். படிவத்திலிருந்து வரும் எழுத்துக்கும் அதே விதி. கொடுங்கையூர் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். படிப்பவர் கண்ணுக்கு அது ஆறு எழுத்து: கொ, டு, ங், கை, யூ, ர். யூனிகோடில் மெய்யும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் பன்னிரண்டு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள், ஆக 36. ஐஎஸ்ஓ 8859-1 என்று நினைத்துக்கொண்டிருக்கும் சர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணி, ஊரின் பெயரை 36 அந்நியக் குறிகளாகத் தரவுத்தளத்தில் போட்டுவிடும். ஜேஎஸ்டிஎல்லின் மொழித் தொகுப்பில், வரும் கோரிக்கை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கத் தனி டேக் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்பது நல்லது, ஆனால் அதை மறந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. ஆங்கிலத்தில் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

ஒரே பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்ட ஜேஎஸ்டிஎல் தரும் வழி, சொற்றொடர்களைத் தனிக் கோப்புகளில் வைத்துப் பக்கத்தில் அவற்றின் பெயரை மட்டும் எழுதுவது. கொள்கை அளவில் இது மிகச் சரி. நடைமுறையில், 2017இல் ஜாவா 9 வரும் வரை அந்தக் கோப்புகளும் ஐஎஸ்ஓ 8859-1 என்றே படிக்கப்பட்டன. தமிழ்ச் சொற்றொடரை ஒவ்வொரு குறியீடாக எண்களாக்கி எழுதவேண்டியிருந்தது. 'நிலுவைத் தொகை' என்ற இரண்டு சொல் எண்களும் சாய்கோடுகளும் கலந்த நீண்ட சரமாகிவிடும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவேண்டிய அலுவலர் அதைத் திறந்து பார்த்தால் ஒரு எழுத்தும் புரியாது. பல அரசுத் தளங்களில் ஆங்கிலப் பக்கம் ஒன்று, தமிழ்ப் பக்கம் ஒன்று என்று இரண்டு தனி டெம்ப்ளேட்டுகள் வளர்ந்து, காலப்போக்கில் ஒன்றில் திருத்தம் இருக்க மற்றதில் இல்லாமல் போவதற்கு இந்த மாதிரி இடையூறுகள் வழிவிடுகின்றன. சோம்பலை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது, கருவியே மொழிபெயர்ப்பாளரை வெளியே நிறுத்தியிருந்தது.

எண்ணிலும் இதே கதை. ஒன்றேகால் லட்சம் ரூபாய் நிலுவையை நாம் 1,25,000 என்று எழுதுகிறோம். ஜேஎஸ்டிஎல்லின் எண் வடிவ டேக், ஜாவாவுடன் வரும் எண் வடிவக் கருவியை நம்பியிருக்கிறது. அந்தக் கருவிக்கு இலக்கக் குழுவின் அளவு ஒன்றே ஒன்றுதான். முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்ற நம் முறை அதற்குத் தெரியாது. மொழியைத் தமிழ், நாட்டை இந்தியா என்று அமைத்தாலும், காற்புள்ளிகளை நம் முறையில் இட்டு வடிவத்தை எழுதிக் கொடுத்தாலும், திரையில் வருவது 125,000. வரித் தொகையை லட்சத்தில் நினைக்கிறவருக்கு ஒரு கணம் தடுமாற வைக்கும் தோற்றம் அது. ஐசியூ என்ற பன்மொழி நூலகம் இந்திய முறையைச் சரியாகச் செய்யும், அதை அழைக்கும் ஒரு சிறு டேக்கை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பெயரைச் சுருக்கிக் காட்டுவதும் அப்படித்தான். ஜேஎஸ்டிஎல்லின் வெட்டும் செயல்கூறு குறியீடுகளை எண்ணுமே தவிர எழுத்துகளை எண்ணாது. கொடுங்கையூரை ஐந்து குறியீட்டில் வெட்டினால் புள்ளி போய் 'கொடுங' என்று நிற்கும், ஏழில் வெட்டினால் கையின் உயிர்க்குறி போய் 'கொடுங்க' ஆகும். 'கொ' எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு விசைப்பலகையில் அடித்த பெயரை இன்னொன்றில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போக இது போதும். இவற்றில் எதையும் எந்த ஆயத்தத் தொகுப்பும் நமக்காகச் செய்துவைத்திருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நம் டேக்கைச் செருக இடம் கொடுக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, சர்வரில் பக்கம் செய்யும் காலமே முடிந்துவிட்டது, இனி எல்லாம் உலாவியில்தான் என்பது. உலாவியில் பக்கம் கட்டும் கருவிகளின் ஆயுளைப் பார்த்தால் இந்த நம்பிக்கை தளர்கிறது. 2010இல் கூகுள் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு ஆதரவு 2021 டிசம்பரில் முடிந்தது. அதிலிருந்து அடுத்த ஆங்குலருக்குப் போக, டெம்ப்ளேட்டுகளை ஏறக்குறைய புதிதாக எழுதவேண்டியிருந்தது. அதே கழற்றும் கேள்வி அங்கும் இருக்கிறது, இன்னும் கடுமையாக. உலாவியில் பக்கம் கட்டும் இன்னொரு கருவியான ரியாக்டின் உலகமும் பக்கத்தைச் சர்வரிலேயே முன்கூட்டிச் செய்து அனுப்பும் முறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. சிக்கனமான கைப்பேசியில், நெரிசலான நேரத்தில் வரி கட்டுகிறவருக்கு, செய்து முடித்து வரும் எச்டிஎம்எல்லைவிடச் சீக்கிரம் தெரிவது எதுவுமில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஒப்பந்தக் காலம் குறைவு, ஆட்கள் குறைவு; பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையும் பிழைச்செய்தி காட்டும் படிவமும் ஆயத்தமாகக் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டுச் சிறிய தொகுப்பைப் பிடித்துக்கொள் என்று சொல்வது, வேலை செய்கிறவர் முதுகில் ஏற்றும் சுமை. இதில் உண்மை இருக்கிறது. அலுவலகத்துக்கு உள்ளே, பத்துப் பேர் பார்க்கும் அறிக்கைப் பக்கத்துக்கு வளமான தொகுப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தப் பக்கம் நாளை போனாலும் யாருக்கும் சான்றிதழ் நிற்காது. குடிமக்கள் தொடும் பக்கங்களுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே மிச்சமாகும் நேரம் ஒப்பந்ததாரருக்கு, கழற்றும் செலவு மாநகராட்சிக்கு. மிச்சமும் செலவும் ஒருவரிடமே இல்லாதபோது, தேர்வை மிச்சம் பெறுபவரிடம் விட்டுவிடுவது நல்ல ஏற்பாடாகாது. எந்தத் தொகுப்புகள், எந்த வெளியீடு, எவற்றின் ஆதரவு எப்போது முடிகிறது என்பது டெண்டர் ஆவணத்திலேயே எழுதப்படவேண்டிய விஷயம்.

பொதுத் தரமும் நிலையானதா என்று கேட்கலாம். ஜாவா எண்டர்பிரைஸ் தரத்தை ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது, ஆனால் பழைய பெயரைத் தொடர இசையவில்லை. 2020இன் இறுதியில் புதிய பெயரில் ஜகார்த்தா ஈஈ 9 வந்தபோது எல்லா உட்பெயர்களும் மாறின, 2022இல் ஜேஎஸ்டிஎல்லின் அறிவிப்பு முகவரியும் மாறியது. 2003இலும் அது ஒருமுறை மாறியிருந்தது. ஆக, தரமும் நகர்கிறது. ஆனால் பக்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் அந்த மாற்றம் எவ்வளவு? டெம்ப்ளேட்டின் தலையில் உள்ள ஓரிரு அறிவிப்பு வரிகள். அதைத் தேடி மாற்றும் வேலையைக் கணினியே செய்துவிடும். உள்ளே உள்ள டேக்குகளும் அவற்றின் பண்புகளும் அப்படியே. அதே மாற்றத்தில், பராமரிக்க ஆளில்லாத பழைய தனியார் தொகுப்புகள் புதிய சர்வரில் ஏறவே மறுத்தன. ஜேஎஸ்பியே பழசு, 2011இல் வந்த தைம்லீஃப் போன்றவை மேல் என்பவர்களும் சொல்வதில் பொருள் உண்டு. தைம்லீஃப் டெம்ப்ளேட்டைச் சர்வர் இல்லாமலே உலாவியில் திறந்து பார்க்கலாம், மதிப்பை எழுதும்போது ஆபத்தான குறிகளைத் தானே மாற்றுகிறது. புதிய தளம் தொடங்குகிறவர் அதை எடுத்துக்கொள்வது நியாயமான தேர்வு. அதற்கும் கூடுதல் டேக் தொகுப்புகள் இருக்கின்றன, அவற்றிடமும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும்.

கேள்விகளைச் சோதனையாக மாற்றுவது கடினமில்லை. ஒரு தொகுப்பைப் பரிந்துரைக்கும் நிறுவனத்திடம், சொத்து வரிப் பக்கம் ஒன்றை அந்தத் தொகுப்போடும், அதே பக்கத்தை அது இல்லாமலும் செய்துகாட்டச் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே மாறிய வரிகளை எண்ணினால் கழற்றும் விலை தெரிந்துவிடும். மதிப்புக்குப் பதில் கோணக்குறிகளோடு ஒரு சொல்லைக் கொடுத்து, அது திரையில் எழுத்தாகவே வருகிறதா என்று பார்க்கலாம். கணக்கு போடச் சொல்லும் ஒரு கோவையைக் கொடுத்து, விடை வந்தால் அந்தத் தொகுப்பை அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம். நிலுவையாக 125000 கொடுத்துத் திரையில் 1,25,000 வருகிறதா, கவியரசு கண்ணதாசன் நகர், கொடுங்கையூர் என்ற முகவரியை எந்த நீளத்தில் வெட்டினாலும் எழுத்து உடையாமல் நிற்கிறதா, ஒகரக் குறியை இரு விதமாக எழுதித் தேடினாலும் ஒரே வீடு கிடைக்கிறதா என்று சோதிக்கலாம். இந்தச் சோதனைகளையும் அவற்றில் தேறிய அலுவலகத்தின் சொந்த டேக்குகளையும் மாநகராட்சியின் நிரல் களஞ்சியத்திலேயே வைக்கவேண்டும், ஒப்பந்ததாரரின் கணினியில் விட்டுவைக்கக் கூடாது. அடுத்த நிறுவனம் வேலையை எடுத்துக்கொள்ளும் முதல் நாளில், எந்தப் பக்கத்தையும் தொடும் முன், இவற்றை ஒருமுறை ஓட்டிக் காட்டவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.